விரல் அளவு

அவசரப் பிரிவின் பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தபோது, முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள் அப்பாவின் கணுக்காலில் சுருண்டு கிடந்த காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. குட்டையாக வெட்டிய நரைமுடி. இடது கை மோதிர விரலில் ஒரு வைரம். அது மினுக்கிய மினுக்கு அந்த இடத்துக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை.

அதே மருத்துவமனையில்தான் இரண்டு மாடி மேலே அவள் எக்ஸ்ரே எடுப்பவளாக இருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்த ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அழைப்பு வந்தது. "கீழ வா, உங்கப்பா" என்றதோடு வைத்துவிட்டார்கள். மற்ற நாட்களில் அவளோடு டீ குடிக்கும் பணி மருத்துவர் இப்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொண்டுவரும்போதே மூச்சு இல்லை என்றும், செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்ததாகவும் சொன்னார். படம் தெளிவாக விழவில்லை, இன்னொன்று எடுக்க வேண்டும் என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவாளோ அப்படித் தலையாட்டினாள்.

நர்ஸ் அந்த அம்மாளிடம் நீங்கள் யார் என்று கேட்டாள்.

"கூட வந்தேன்."

சொந்தக்காரர்கள் மட்டும்தான் இருக்கலாம் என்றதும் அவர் மறுபேச்சு இல்லாமல் வெளியே போய்விட்டார். அவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. காலையில்தான் சவரம் செய்திருக்கிறார். தாடைக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. கல்யாண வீட்டுக்கு மட்டும் எடுக்கும் நீலச் சட்டை. வார நாளில், பட்டப்பகலில், இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு இவர் எங்கே போனார்? அழுகை வருவதற்குப் பதில் அந்தக் கேள்விதான் வந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வெளியே நடைவழி பெஞ்சில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். இரண்டு இருக்கை தள்ளி, டை கட்டிய ஒரு நடுவயதுக்காரர். கோட்டுப் பையில் ஒரு நகைக்கடையின் சின்னம். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். தங்கள் கடையின் வைரப் பிரிவில்தான் சாருக்கு இப்படி ஆனது என்றும், ஆம்புலன்ஸில் தானும் கூடவே வந்ததாகவும் சொன்னார். எந்தக் கடை என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். நம்ப முடியவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அறுந்த கடிகாரப் பட்டையைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிக்கொள்கிற ஆள். அவள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனபோது, ஏ.சி. ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டவர்.

டை கட்டியவர் தொண்டையைச் செருமினார். "இந்த நேரத்துல சொல்றதுக்கு மன்னிக்கணும் மேடம். அந்த மோதிரம் இன்னும் பில் போடல. அவங்க விரல்ல மாட்டிக்கிச்சு."

அந்த அம்மாள் கையைச் சட்டென்று மடியில் மறைத்துக்கொண்டார். பிறகு மறைத்ததற்கு வெட்கப்பட்டவர்போல மறுபடி வெளியே எடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது உங்களோடது. அளவு பாக்கத்தான் போட்டேன். எவ்வளவு இழுத்தாலும் வரமாட்டேங்குது."

"என்னோடதா?"

"உங்க நிச்சயத்துக்கு."

அவளுக்கு நிச்சயம் எதுவும் இல்லை. மணவாழ்க்கை முடிந்து மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகு எந்த ஆணோடும் ஒரு சினிமாவுக்குக்கூடப் போனதில்லை. ஆனாலும் அவள் அதைச் சொல்லவில்லை. பொய் சொல்கிறவரைக் குறுக்கே மடக்கக் கூடாது, விட்டுப்பிடித்தால் அவரே இடறி விழுவார் என்பதை முன்னாள் கணவனிடம் அவள் கற்றிருந்தாள். அப்பா என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள்.

பாப்பாவுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது, மோதிரம் எடுக்க வேண்டும், பொம்பளைக் கண் ஒன்று கூட இருந்தால் நல்லது என்று கூப்பிட்டாராம். அந்த அம்மாள் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அவர் வாயிலிருந்து 'பாப்பா' என்று வந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்தால் மானம் போய்விடும் என்று அப்பாவிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

வேறு ஊரில் இருந்த அண்ணனுக்கு அவள்தான் சொல்லியாக வேண்டியிருந்தது. ஜன்னல் ஓரம் போய்ப் பேசினாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு எப்படி நடந்தது, எங்கே நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நகைக்கடை, ஒரு அம்மாள் என்று வந்ததுமே அவன் குரல் மாறிவிட்டது. அம்மா இறந்த பிறகு அப்பா தனியாகத்தானே இருந்தார், அப்படித் தனியாக இருக்கும் ஆண்களைக் குறிவைத்தே சிலர் திரிகிறார்கள் என்றான். அவன் அலுவலகத்திலேயே ஒருவருடைய அப்பாவுக்கு அப்படி நடந்ததாம்.

"வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு முதல்ல பாரு. நான் வர்றவரைக்கும் அவங்களை உள்ள விடாத."

அதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் பாதி அவளே நினைத்ததுதான்.

நர்ஸ் அப்பாவின் பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடி, கைக்குட்டை, பேனா டார்ச், சாவிக்கொத்து. கொத்தில் வாசல் சாவியையும் பின்கதவுச் சாவியையும் அவளுக்குத் தெரியும். மூன்றாவது ஒன்று இருந்தது. புதுசு, பல் கூடத் தேயாதது. பெஞ்சருகே போய் அதைத் தனியாக எடுத்துக் காட்டினாள்.

"இது எந்த வீட்டுச் சாவின்னு தெரியுமா உங்களுக்கு?"

கேட்ட விதம் அவளுக்கே நன்றாக இல்லை. அந்த அம்மாள் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வீடு இல்லம்மா. எங்க கட்டடத்து மொட்டை மாடில லிஃப்ட் மோட்டார் ரூம் இருக்கு. அதோட சாவி."

பிறகு தானாகவே சொன்னார். அவர் நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வருடம் ஒரு நாள் கரண்ட் போய், அவர் உள்ளே இருக்கும்போதே லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. காவலாளி யாரையோ பிடித்துக் கூட்டிவந்தார். வந்தவர் கதவுக்கு வெளியே நின்று, பயப்படாதீங்க, உட்காருங்க, கயிறெல்லாம் அறுந்துபோகாது, சினிமாவில்தான் அறுந்துபோகும் என்று பேசிக்கொண்டே இருந்தார். கரண்ட் வந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசினார். கரண்ட் வந்தது தனக்கும் தெரியும் என்பதை அந்த அம்மாளும் சொல்லவில்லை. அதிலிருந்து அந்த லிஃப்ட்டை அப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தில் ஏதோ ஒன்று தலைகாட்டி உடனே அடங்கியது. அவள் அதைக் கவனித்தாள். நன்றாக ஒத்திகை பார்த்த கதையா, நடந்ததா என்று தீர்மானிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா வீட்டுக்குப் போய் மாலைவரை இருந்துவிட்டு வருகிறவள் அவள். ஒரு லிஃப்ட்டைப் பற்றி, ஒரு கட்டடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு ஞாயிறுக்கு முன்னால் மட்டும் ஒன்று கேட்டார். விரல் மூட்டு வீங்கினவர்களுக்கு அது மறுபடி வற்றுமா, அப்படியேதான் இருக்குமா என்று. அவர் தன் கையைத்தான் மறைக்கிறார் என்று சந்தேகப்பட்டு, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல் விரலாக அழுத்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றதும், வேறு வேலை இல்லையா உங்களுக்கு என்று கடிந்துகொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டார்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது டை கட்டியவர் பின்னாலேயே வந்தார். காலை முதல் கடையில் நின்றுகொண்டே இருந்த மனிதர். ஒரு காலை மாற்றி மற்றொரு காலில் நின்றார். சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை, சார் உயிரோடு இருந்திருந்தால் சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்று ஆரம்பித்தார்.

அப்பா நான்கைந்து நாளைக்கு முன்பே தனியாக வந்திருக்கிறார். ஏ.சி.க்கு மப்ளர் சுற்றிக்கொண்டு கல் கல்லாகப் பார்த்திருக்கிறார். பெரியது வேண்டாம், தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டாம், கிட்டத்தில் பார்த்தால் சுத்தமாக இருக்க வேண்டும் என்றாராம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மூட்டு வீங்கிய விரலுக்கு எந்த அளவு போடுவது என்று கேட்டிருக்கிறார். ஆளைக் கூட்டிவராமல் முடியாது என்று இவர் சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்தால் அவங்க வரமாட்டாங்க, மகளுக்கு என்று சொல்லிக் கூட்டிவருகிறேன், நீங்களும் அப்படியே பேசணும் என்று அப்பா கேட்டுக்கொண்டாராம்.

"நானும் சரின்னேன் மேடம். ஆனா சாருக்கு நடிப்பு வரல. வாயைத் திறந்தா 'என் மகளுக்கு, என் மகளுக்கு'ன்னே சொல்லிட்டிருந்தாரு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

இவர் ஏன் இதைச் சொல்கிறார்? முதலில் அதுதான் அவளுக்குத் தோன்றியது. செத்தவரின் ஆசை என்று சொன்னால் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிவிடுவார்கள். வியாபாரத்தில் இதுவும் ஒரு வழியாக இருக்கலாம். அவள் கூசாமல் அதைக் கேட்டும்விட்டாள். அவர் கோபப்படவில்லை.

"அறுக்காம வந்துட்டா நாங்க எடுத்துக்கிறோம் மேடம். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டாள். மோதிரம் மூட்டைத் தாண்ட மறுத்திருக்கிறது. அப்பா தானே பிடித்து மெல்ல அழுத்தியிருக்கிறார். டக்கென்று உள்ளே போய்விட்டது. இப்போது எப்படிக் கழற்றுவது என்று அந்த அம்மாள் கேட்க, இருங்க, கல்லை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா கடை லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். குனிந்தவர் நிமிரவில்லை.

"கல்லைப் பாக்குறாருன்னே நினைச்சேன். சில பேர் ரொம்ப நேரம் பாப்பாங்க. அவங்களும் கையை ஆட்டாம வச்சிருந்தாங்க, பாக்கட்டும்னு."

அவள் பிடித்த தண்ணீரைக் குடிக்காமல் அங்கேயே வைத்துவிட்டுச் சிறு அறுவை அறைக்குப் போனாள். தெரிந்த நர்ஸிடம் தையல் நூலும் வழுக்குவதற்குக் கொஞ்சம் ஜெல்லும் வாங்கினாள். மோதிரம் அறுக்கும் கருவி இருக்கிறது, அரை நிமிட வேலை என்றாள் அந்த நர்ஸ். இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். டை கட்டியவர் கதவருகே நின்றார். எக்ஸ்ரே தட்டின்மேல் வைப்பதுபோல அவர் கையை மேசைமேல் விரித்து வைத்தாள். ஆயுள் முழுக்கத் தட்டச்சு அடித்த கை. ஒவ்வொரு மூட்டும் சின்ன முடிச்சுபோலப் புடைத்திருந்தது. உள்ளே எலும்பு எப்படித் தேய்ந்திருக்கும், எங்கே இடைவெளி குறைந்திருக்கும் என்று பார்க்காமலே அவளால் சொல்ல முடியும். இந்தக் கையைப் பற்றித்தான் அப்பா அன்று கேட்டிருக்கிறார். இது வற்றாது, அப்படியேதான் இருக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம்.

நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மிச்சத்தை மூட்டுக்கு மேல்வரை நெருக்கமாகச் சுற்றத் தொடங்கினாள். வலித்தால் சொல்லுங்கள் என்றாள். அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. உங்களுக்குத்தான் கஷ்டம், நல்ல காரியத்துக்கு எடுத்த பொருள், இந்த நிலையில் என் கையில் இருக்கிறதே என்று மெதுவாகப் புலம்பினார்.

அவள் சுற்றுவதை நிறுத்தினாள்.

"எனக்கு நிச்சயம் எதுவும் இல்ல. மாப்பிள்ளையும் இல்ல. அப்பா உங்ககிட்ட பொய் சொல்லியிருக்காரு."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நூல் சுற்றிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் மின்விசிறி ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"தெரியும்மா."

"எப்போ?"

"அவர் கூப்பிட்ட அன்னைக்கே. மாப்பிள்ளை எப்படின்னு கேட்டேன். நல்ல பையன்னாரு. என்ன வேலைன்னு கேட்டேன். அதுக்கும் நல்ல பையன்னாரு. உங்களைப் பத்தின்னா அவர் அவ்வளவு சுருக்கமா பேசமாட்டாரு."

இவர் இவ்வளவு நேரமும் நடித்துக்கொண்டுதான் இருந்தார். அதைக் கண்டுபிடித்ததில் வர வேண்டிய கோபம் வரவில்லை.

"அப்புறம் எதுக்கு என்னோடதுன்னு சொன்னீங்க?"

"அவர் அப்படித்தானே சொல்லிவச்சிருந்தாரு. மாத்திச் சொல்ல நான் யாரு? உங்களுக்கு ஒரு வழி பொறக்காம தனக்குன்னு எதையும் பேச அவருக்கு வாய் வராது. ஞாயித்துக்கிழமை ஒவ்வொண்ணும் சொல்லிடறேன்னு போவாரு. திங்கக்கிழமை லிஃப்ட்டுக்கு எண்ணெய் விடணும்னு வந்து நிப்பாரு. முகத்தைப் பாத்தாலே சொல்லலன்னு தெரிஞ்சிடும்."

அவள் மறுபடி சுற்றினாள். நூல் மூட்டின்மேல் ஏறியது. தோல் வெளிறி, பிறகு சிவந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கதவருகே நின்றவர் தன் காலணியைப் பார்த்தார்.

"கேக்கட்டும்னுதான் இருந்தேன்."

அடியில் இருந்த முனையைப் பிடித்து அவள் நூலைப் பிரித்தாள். ஒவ்வொரு சுற்றாகப் பிரியப் பிரிய மோதிரம் நகர்ந்தது. மூட்டின் உச்சியில் கொஞ்சம் நின்றது. அந்த அம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு அது வழுக்கி அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஜெல்லும் நூல் பிசிறுமாக, கல் மங்கிக் கிடந்தது. இவ்வளவு சின்னதா என்று தோன்றியது அவளுக்கு.

டை கட்டியவர் அதை வாங்கி, பஞ்சால் துடைத்து, பழக்கதோஷத்தில் லென்ஸை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனவர், பாதியிலேயே நிறுத்திவிட்டார். லென்ஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவளை ஒரு கேள்வியோடு பார்த்தார். அவள் அந்த அம்மாளைப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் அந்த அம்மாள். "கடை மூடற நேரம் ஆகலையே. உங்களைத் தேடுவாங்க."

அவர் போனார். நடைவழித் திருப்பத்தில் ஒரு தடவை நின்று திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். யாருக்கு என்று தெரியவில்லை.

அப்பாவைக் கீழே குளிர் அறைக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். தள்ளுவண்டி வந்து நின்றது. அவள் கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது, அண்ணன். அவன் என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். அதிர்ந்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

அந்த அம்மாள் கிளம்பத் தயாராகி எழுந்து நின்றிருந்தார். நான் வரேம்மா, நீங்க சாப்பிட மறந்துடாதீங்க என்றார்.

அவள் அவர் முழங்கையைப் பிடித்துத் திரைவரை கூட்டிப்போனாள். அங்கே நின்ற காவலாளி கையை நீட்டித் தடுத்து, எடுத்துப்போகும் நேரம், சொந்தக்காரங்க ஒருத்தர்தான் போகலாம் என்றார்.

"இவங்க போகட்டும்."

"சொந்தமா?"

"ஆமா."

அந்த அம்மாள் அவளைப் பார்த்தார். தன் கைப்பையை வைக்க இடம் தேடுவதுபோலச் சுற்றுமுற்றும் பார்த்தார். அவள் கையை நீட்டினாள். அவர் பையை அதில் மாட்டிவிட்டு, முடியை ஒரு தரம் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார். திரை அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. தள்ளுவண்டிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவசரமில்லை என்று அவரிடம் சொன்னாள்.

பை எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பழைய தோல்பை, வாய் பாதி திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக எதுவோ தெரிந்தது, மடித்த துணியோ காகிதமோ. அவள் ஜிப்பைப் பிடித்து, நடுவில் ஒரு இடத்தில் சிக்கியதை மெல்லச் சரிசெய்து, கடைசிவரை இழுத்து மூடினாள். பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.